வீட்டுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல்



ஃபிரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரம் எண்ணுகிறோம். ஏ.சி. வாங்கும்போதும் அப்படித்தான். 2023 முதல் சீலிங் ஃபேனுக்குக்கூட நட்சத்திர முத்திரை கட்டாயம். இவற்றையெல்லாம் மாட்டி வைக்கப்போகும் வீட்டை வாங்கும்போது மட்டும், அது எவ்வளவு கரண்ட் தின்னும் என்று நாம் கேட்பதில்லை. இங்கிலாந்தில் கேட்கவே வேண்டாம். புதிதாகக் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் எரிசக்திச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும் என்று 2008 முதல் சட்டம் இருக்கிறது.

என் மகளும் மருமகனும் மில்டன் கீன்ஸில் புது வீடு வாங்கினார்கள். கடந்த குளிர்காலத்தில் நானும் மனைவியும் போய் நான்கு மாதம் இருந்தோம். போன மறுநாளே அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தி விடைத்தாள் திருத்தியவனுக்கு மதிப்பெண் பட்டியலைக் கண்டால் கை சும்மா இருக்காது.

ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகள். 92 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ. 81 முதல் 91 வரை பி. மகள் வீட்டுக்கு 84, அதாவது பி. இங்குள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் சி, டி என்றுதான் இருக்கும். அந்தக் கணக்கில் இது நல்ல மாணவன். சான்றிதழ் பத்து வருடத்துக்குச் செல்லும். இணையத்தில் அரசின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்த மார்க்கை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஹீட்டர் போடுகிறார்கள் என்பது கணக்கில் வராது. இவ்வளவு பரப்புக்கு இத்தனை பேர் என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். சூடாக்க, வெந்நீருக்கு, விளக்குக்கு என்ன செலவாகும் என்று கணக்கிடுவார்கள். புது வீட்டுக்கு இதைச் செய்பவர் வரைபடத்தையும் பொருள் விவரத்தையும் வைத்தே முடித்துவிடலாம். வீட்டுக்குள் காலடி வைக்க வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை. நம் பாஷையில் சொன்னால் இது தியரி மார்க்.

பிராக்டிகலும் ஒன்று உண்டு. வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கி, எங்கெங்கோ இருக்கும் இடுக்குகள் வழியாக எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று அளப்பார்கள். முன்பெல்லாம் ஒரு குடியிருப்பில் சில வீடுகளை மட்டும் சோதித்தால் போதும். 2022-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி வீட்டுக்கு வீடு சோதிக்க வேண்டும். மகள் வீடு அதிலும் பாஸ்.

ஜனவரியில் மாடியிலிருந்த சின்ன அறையில் நாங்கள் படுத்தோம். என் மனைவிக்கு மூட்டுவலி. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். "சர்டிபிகேட்ல பி போட்டிருக்காங்களே மாமா, ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?" என்றார் மருமகன். "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, ஒரு வெப்பமானி வாங்கி, பத்து நாள் காலை ஆறு மணிக்குக் குறித்து வைத்தேன். மற்ற அறைகளில் 19 டிகிரி. எங்கள் அறையில் 15.

மருமகன் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். எங்கள் அறையின் கூரை மூலையில் மட்டும் பாய் விரித்த அளவுக்குக் கருநீலம். பரணில் ஏறிப் பார்த்தால், விரித்திருக்க வேண்டிய இன்சுலேஷன் பஞ்சு ஒரு ஓரத்தில் சுருட்டியபடியே கிடந்தது. அதன் கீழே ஜிப்சம் பலகை மட்டும். காற்று அதன் வழியே ஒழுகாது, அதனால் மின்விசிறிச் சோதனையில் அது மாட்டவில்லை. வெப்பம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"ஒரு மூலைதானே அப்பா" என்றாள் மகள். அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சான்றிதழில் கூரைக்கு 0.11 என்று எழுதியிருந்தது. உள்ளே வெளியே 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 0.11 வாட் போகும் என்று பொருள். வித்தியாசம் 18 டிகிரி என்றால் 2 வாட். பஞ்சே இல்லாத கூரைக்கு அந்த எண் ஏறத்தாழ 2.3. அப்போது 41 வாட். கூரை மொத்தம் 50 சதுர மீட்டர். ஒழுங்காக மூடிய 47 சதுர மீட்டரும் சேர்ந்து இழப்பது 94 வாட். மூடாத 3 சதுர மீட்டர் மட்டும் இழப்பது 123 வாட்!

வகுப்புச் சராசரி 84 என்பதால் கடைசி பெஞ்சுப் பையன் பாஸாகிவிட்டான் என்று எந்த வாத்தியாரும் சொல்லமாட்டார்.

மகள் கட்டியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். "ரூம் குளிருது" என்று எழுதியிருந்தால் "குளிர்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்திருக்கும். "கூரைக்கு 0.11 என்று நீங்கள் கொடுத்த சான்றிதழ் சொல்கிறது, இந்த மூலையில் அது இல்லை, படம் இணைத்துள்ளேன்" என்று எழுதினாள். முதல் இரண்டு வருடக் குறைகளுக்குக் கட்டியவரே பொறுப்பு. மூன்றாவது வாரம் ஒருவர் வந்தார். அரை மணி நேர வேலை. அதன்பின் எங்கள் அறைக்கும் மற்ற அறைகளுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். மனைவி விடியும் வரை தூங்கினாள்.

சான்றிதழ் அந்த அறையைச் சூடாக்கவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எந்த எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. அந்த எண் இல்லாவிட்டால் எங்கள் கையில் இருந்தது வெறும் புலம்பல்தான்.

நம் ஊரில் பிரச்சினை தலைகீழ். வெப்பம் உள்ளே வரக்கூடாது. அதற்கும் 2018-லேயே மத்திய அரசு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர். கூரைக்கான அந்த எண் 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் படுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீடுகளுக்கு நட்சத்திர முத்திரைத் திட்டமும் இருக்கிறது, விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில்.

அடுத்த முறை ஃப்ளாட் பார்க்கப் போகும்போது, டைல்ஸ் எந்த கம்பெனி என்று கேட்பதற்கு முன், "மேல் தளத்துக்கு என்ன போட்டிருக்கீங்க? அந்த எண் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள்.