ஆறிய தழும்பும் ஆறாத தீட்டும்

ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஷூவுக்குப் பரிசோதனை உண்டு. பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் சேர்க்கும் பென்டாகுளோரோபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தபோது, நம் பகுதித் தொழிலே ஆட்டம் கண்டது. 2015 மே மாதத்திலிருந்து ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குரோமியம்-6 இருந்தால் அந்த ஷூவை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. நியாயம்தான். போட்டுக்கொள்கிறவரின் கால் பாதுகாப்பாக இருக்க வேண்டும். சரக்கு தேறாவிட்டால் எந்த ரசாயனம், எவ்வளவு என்று கம்பெனிக்கு அறிக்கை வரும். அடுத்த முறை திருத்தி அனுப்பலாம்.

அதே தோலில் வேலை செய்தவரின் பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்தால் அவனுக்கும் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் அவனுக்கு வருவது ஒரே சொல்: 'அன்ஃபிட்'.

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கக் காலனிகளில் சமூகப் பணி செய்யும் எனக்கு இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. போன வருடம் ஒரு தம்பி வந்தான். அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அம்மா வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைக்கிறார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தம்பிக்கு இருபது வயதில் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான், குணமானான். ஆறு வருடம் கழித்து சவுதியில் டிரைவர் வேலை அமைந்தது. குழுக் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டினான். மெடிக்கலில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அன்ஃபிட்.

"அக்கா, ஒருநாள் கூட விடாம மாத்திரை போட்டேன். சளியில ஒண்ணும் இல்லன்னு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் எனக்கு இன்னா நோவுக்கா?"

அவனுக்கு எந்த நோயும் இல்லை. மறுபடியும் சளிப் பரிசோதனை செய்து பார்த்தோம், கிருமி இல்லை. படத்தில் தெரிந்தது பழைய தழும்பு. கையில் பட்ட வெட்டு ஆறினால் வடு இருப்பதைப் போல, நுரையீரலில் நோய் ஆறின இடத்திலும் வடு இருக்கும். தழும்பிலிருந்து யாருக்கும் நோய் தொற்றாது.

அப்படியானால் ஏன் அன்ஃபிட்? வளைகுடாவின் ஆறு நாடுகளுக்கும் பொதுவான மருத்துவப் பரிசோதனை முறை ஒன்று இருக்கிறது. முன்பு காம்கா என்றார்கள், இப்போது வாஃபித். அதன் விதிகளில் காசநோய் இப்போது இருந்தால் மட்டுமல்ல, எப்போதோ இருந்ததற்கான அடையாளம் படத்தில் தெரிந்தாலும் தகுதியில்லை. குணமானதற்கான சான்றை நீட்டினாலும் படத்திலிருக்கும் தழும்புதான் பேசும்.

அதே தெருவில் நர்சிங் முடித்த ஒரு பெண், நுரையீரலில் அதே போன்ற தழும்புடன், இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகும் இந்தியர்கள் அந்த நாடு அங்கீகரித்த மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். படத்தில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் சளி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். வளரவில்லை என்றால் சான்றிதழ் கிடைக்கும். வளர்ந்தால் சிகிச்சையை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடியேற்ற விசாவிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். காலதாமதம் உண்டு, செலவு உண்டு, மன உளைச்சல் உண்டு. ஆனால் கதவு மூடவில்லை.

ஒரு முறை, கிருமி இருக்கிறதா என்று கேட்கிறது. இன்னொன்று, உனக்கு எப்போதாவது இருந்ததா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வியில் மருத்துவம் கொஞ்சம்தான். மருந்து சாப்பிட்டாலும் போகாத, குணமானாலும் கழுவ முடியாத, உடம்போடு ஒட்டிய கறை என்ற எண்ணத்தை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்தாலும் வேலைக்குப் போனாலும் வீடு கட்டினாலும் 'நீ எந்தத் தெரு' என்று கேட்கிறார்களே, அதே எண்ணம்தான். வளைகுடா அதிகாரிகள் சாதி பார்த்து விதி எழுதவில்லை. எழுதிய விதி யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். டிரைவர், கிளீனர், கட்டடக் கூலி என்று அங்கே போகிற நம் பிள்ளைகள் தலையில் விழுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. காலனியக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை, அவர்களில் கணிசமான தலித் மக்களை, மண்டபம் முகாமில் பல நாட்கள் நிறுத்திவைத்தார்கள். குளிக்க வைத்து, துணிமணியைக் கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். உயர் வகுப்பு டிக்கெட்டில் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கிருமி மட்டும் டிக்கெட் பார்த்து ஏறுமா என்ன?

தோழர்கள் சிலர், "அப்படியானால் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லலாமே" என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால் நோயாளிகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் விடுபட்டிருப்பார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது நெஞ்சுப் படம். ஆக, படம் எடுப்பது நல்லது. எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அன்ஃபிட் என்று அனுப்பப்பட்டவருக்கு உண்மையிலேயே நோய் இருந்தால்? கண்டுபிடிக்கும் ஒவ்வொரு காசநோயாளியையும் தனியார் மருத்துவமனைகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012இலேயே இந்திய அரசு ஆணையிட்டது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் படமும் இல்லை, காரணமும் இல்லை, அடுத்து எங்கே போக வேண்டும் என்ற வழியும் இல்லை. எல்லை பாதுகாக்கப்பட்டுவிட்டது. அவரும் அவர் வீட்டுக் குழந்தைகளும் பாதுகாக்கப்பட்டார்களா?

இந்த இடத்தில் சென்னையைப் பற்றி ஒரு செய்தி. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மற்றவர்களுக்கு அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயே சிகிச்சை. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே அறையில் படுத்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடும் நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்று உலகம் கற்றது நம் ஏழைகளின் உடம்பிலிருந்து. அந்த ஏழைகளின் பேரப்பிள்ளைகளை, குணமான பிறகும் ஒதுக்கிவைக்கிறது ஒரு விசா விதி.

தழும்பு ஏன் நம் தெருக்களில் அதிகம் தென்படுகிறது என்பதையும் பேச வேண்டும். தோல் வேலையால் காசநோய் வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது கிருமியால் வருவது. 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 விழுக்காட்டினர் உடம்பில் அந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்கிறது அதே கணக்கெடுப்பு. பெரும்பாலோருக்கு அது நோயாக மாறுவதே இல்லை. மாற வைப்பதில் இந்தியாவில் முதலிடம் சத்துக்குறைவுக்கு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்ததால் அந்த வீட்டாருக்குப் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது. நம் அரசு நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. ஒற்றை அறை வீட்டையும், பீஸ் ரேட்டில் தைத்துக் கிடைக்கும் அரைவயிற்றுச் சாப்பாட்டையும் எந்த எக்ஸ்ரேயும் படம் பிடிப்பதில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். அன்ஃபிட் என்று சொல்லும் மையம், காரணத்தையும் படத்தையும் எழுத்தில் தர வேண்டும். நோய் சந்தேகம் இருந்தால் மாவட்டக் காசநோய் மையத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய தழும்புள்ளவருக்குச் சளிப் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் அனுமதிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு வளைகுடா நாடுகளோடு பேச வேண்டும். தொழிலாளர் ஒப்பந்தம் போடும் மேசையில் இதற்கும் இடம் உண்டு. அயலகத் தமிழர் நல வாரியம் இதைக் கையிலெடுக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர்கள் சளி முடிவு, படம், சிகிச்சை முடித்த சான்று, நிக்ஷய் எண் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். வளைகுடா வேலை என்றால், ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 'வேற சென்டர்ல ஃபிட் வாங்கித் தரேன்' என்று கூடுதல் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அங்கே போய் இறங்கிய பிறகும் படம் எடுப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், கடன் மட்டும் இங்கேயே இருக்கும்.

ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகையிலோ ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையிலோ இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். செப்டம்பரில் வகுப்பு என்றால் ஆகஸ்ட் வரை காத்திருக்காதீர்கள். சளிப் பரிசோதனை என்று வந்துவிட்டால் இரண்டு மாதம் போய்விடும், போராடி வாங்கிய இடமும் கைநழுவலாம். ஏப்ரல், மே மாதத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். பழைய நோய் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். உங்களுக்கு நோய் வந்தது, மருந்து சாப்பிட்டீர்கள், ஆறிவிட்டது. இதில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் தெருவுக்குச் சோறும் காற்றோட்டமான வீடும் தராதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.