தேவையின் அளவு

என் தந்தையார் விட்டுச்சென்ற உடைமைகளுள் அரபுக் கிதாபுகள் நிறைந்த அலமாரி ஒன்று. 1972ஆம் ஆண்டு அம்பாசடர் கார் மற்றொன்று. முன்னதை ஓதிப் பழகியிருந்தேன். பின்னதைக் கற்க ஓர் இரவு வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை. பேறுகால வலி கண்ட மகளை ஏற்றிக்கொண்டு அரியலூரிலிருந்து பெரம்பலூர் புறப்பட்டோம். வழியெங்கும் சிமெண்ட் லாரிகள். அவற்றின் பின்னே ஊர்ந்து செல்லச் செல்ல முகப்பு விளக்குகள் மங்கின, வைப்பர் தளர்ந்தது. “இன்னும் எவ்வளவு தூரம், அத்தா?” என்றாள் மகள். எனக்கோ பத்தடிக்கு அப்பால் பாதை புலப்படவில்லை. முன்சென்ற லாரியின் சிவப்பு விளக்கே வழிகாட்டிற்று. விடியுமுன் பேரன் பிறந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

மறுவாரம் முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சென்றேன். “ஹஜ்ரத், டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் சம்பாதிக்கும், வண்டி ஊர்ந்தால் விளக்கெல்லாம் பேட்டரியைத் தின்னும்” என்றார். டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில்; அதனை அளவுமீறி விரைவாகச் சுழற்றலாகாது. ஆல்டர்னேட்டரிலோ காந்தம் சுழல, நிலைத்த சுருளில் மின்சாரம் பிறக்கிறது. டயோடுகள் அதனை நேர்மின்சாரமாக்குகின்றன. விரைவாகச் சுழலவல்லதாதலின், வண்டி நிற்கையிலும் ஓரளவு ஈட்டித் தரும்.

அப்படியாயின் பெரியதாகவே வாங்குவோமே என்று 65 அம்பியரைக் கேட்டேன். அவர் கணக்கிட்டுக் காட்டினார். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் 60 வாட் விளக்குகள் இரண்டுக்கு 10 அம்பியர். இக்னிஷன், வைப்பர், பின்விளக்கு, ஹாரன் யாவற்றுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. பேட்டரியை நிரப்பவும் சேர்த்து 45 அம்பியர் தாராளம். மிகப் பெரியதைப் பூட்டினால், பேட்டரி இறங்கியிருக்கும் வேளையில் பழைய வயர் சூடேறும், பெல்ட் வழுக்கும்.

பூட்டுமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்துள்ளதென்று பார்த்தார். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே பாடியில் இருக்குமாம். அதை மாற்றாமல் பூட்டினால் டயோடு எரிந்துவிடும். கட்டவுட் பெட்டியின் வேலையை ஒழித்துத் தடித்த வயர் இழுத்தார்.

அரபியில் மின்னாக்கிக்கு ‘முவல்லித்’ என்று பெயர், மருத்துவச்சிக்கு ‘முவல்லிதா’. பிறப்பித்தல் எனும் ஒரே வேர். இதை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன். அவ்விரவில்தான் பொருள் புரிந்தது.

பேரனின் நாற்பதாம் நாள் அதே சாலையில், லாரிகளின் பின்னே ஊர்ந்தபடி வீடு திரும்பினோம். விளக்கு மங்கவில்லை. தந்தையாரின் டைனமோவைத் துடைத்து, கிதாபு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.