சின்னக் காலுறையின் கூலி

கரைத்தீவில் காலுறை அணிவோர் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே. கடலுக்குப் போகிறவனுக்கும் கருவாடு உலர்த்துகிறவளுக்கும் அது எதற்கு? பள்ளிப் பிள்ளைகளுங்கூட மணி அடித்ததும் சப்பாத்தைக் கழற்றி, அதற்குள்ளே மேஸைத் திணித்து, கையில் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கிவிடுவார்கள். இத்தகைய ஊரிலே, நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், எமது ஒழுங்கையின் நான்கு வீட்டு விறாந்தைகளில் சிவப்புக் காலுறைகள் குவியத் தொடங்கிவிடுகின்றன. எவர் காலுக்கும் உரியனவல்ல அவை, நத்தார்க் காலுறைகள்.

நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. சப்பாத்தும் அவர்கள் தந்ததே, மேஸும் அப்படியே. கரைத்தீவுக்கு அப்பாலுள்ள குடாவுக்கு இன்றும் போர்த்துக்கல் குடா என்றே பெயர். கப்பல்கள் போய்விட்டன, சொற்கள் எம் பிள்ளைகளின் வாயில் நிலைத்துவிட்டன.

காலுறைகளைத் தைப்பவர்களோ முஸ்லிம் பெண்கள். அவர்களில் மூத்தவரை ஊரார் ‘தாத்தா’ என்றே அழைப்பர். எமது வாசகர்களில் சிலர் மயங்கக்கூடும்: இப்பகுதி முஸ்லிம்களின் வழக்கில் தாத்தா என்றால் அக்காள். ஆகவே, நத்தார்த் தாத்தாவின் காலுறையை எங்கள் தாத்தா தைக்கிறார் என்று பிள்ளைகள் கேலி பேசுவதுண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரைக்கு வந்து சேர்ந்த பல்லாயிரவருள் அவருடைய குடும்பமும் ஒன்று. அப்போது அவர் சிறுமி. அகதி முகாமில் பழகிய தையலே பின்னர் அவருக்குச் சோறு போட்டது. அவரிடம் இருப்பது காலால் மிதிக்கும் பழைய இயந்திரம். 2022ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில் நாடு 13 மணி நேர மின்வெட்டில் மூழ்கியபோது, மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்களெல்லாம் ஓய்ந்து நிற்க, அது ஒன்றுமட்டும் குப்பி விளக்கின் ஒளியில் ஓடிக்கொண்டிருந்தது.

காலுறைகள் மூன்று அளவின. 18 அங்குலத்தது விடுதிச் சுவருக்கு. 12 அங்குலத்தது வீட்டுப் பிள்ளைகளுக்கு. 6 அங்குலத்தது நத்தார் மரத்தில் கோத்துத் தொங்கவிட. புத்தளத்து வியாபாரி ஒருவர் துணியைக் கொண்டுவந்து போடுவார். தைத்ததை எண்ணி எடுத்துச் செல்வார். அவை கற்பிட்டி விடுதிகளுக்கும் நீர்கொழும்புக் கடைகளுக்கும் போகின்றன என்பது மட்டுமே இவர்களுக்குத் தெரியும்.

தாத்தா துணி வெட்டுவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். பழைய நாட்காட்டித் தாளில் வெட்டிய மாதிரி அவரிடம் உண்டு. 44 அங்குல அகலத் துணியில் ஒரு யாருக்குப் பெரிய காலுறை நான்கு தேறும். காலுறையின் பாதம் அகன்றது, கணைக்கால் ஒடுங்கியது. ஆதலால் ஒவ்வொரு கணைக்காலின் அருகிலும் நான்கு அங்குல அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும். அந்த மிச்சத்தில்தான் சின்னக் காலுறை பிறக்கிறது. துணியின் நல்ல பக்கம் உள்ளே வருமாறு இரு துண்டுகளையும் சேர்த்து, ஓரம் பிடித்துத் தைத்து, குதியிலும் விரல் நுனியிலும் வளைவு சுருங்காதிருக்கச் சிறு சிறு வெட்டுகள் இட்டு, பின்பு உள்ளதை வெளியே புரட்ட வேண்டும். பெரியதில் கையை நுழைத்துப் புரட்டிவிடலாம். சின்னதிலோ விரலும் நுழையாது. பென்சில் முனையால் குத்திக் குத்தியே நுனியை வெளியே கொணர வேண்டும். சற்று அழுத்தினால் தையல் தெறித்துவிடும்.

“பெருசு லேசு டீச்சர். இந்தச் சின்னதுதான் கண்ணப் புடுங்குது.”

ஆனால் கூலி எப்படி? பெரியதற்கு ஒரு விலை, நடுத்தரத்திற்கு அதில் பாதி, சின்னதற்குக் கால்பங்கு. வியாபாரியின் நியாயம் எளிமையானது: துணி குறைவு, ஆகவே கூலியும் குறைவு. துணி அவருடையது, அதன் அளவுக்கேற்ப அவர் விற்கும் விலை ஏறி இறங்கட்டும். பெண்ணின் கண்ணும் முதுகும் முழத்தால் அளக்கப்பட வேண்டியது ஏன்? மாணவி ஒருத்தியின் கைக்கடிகாரத்தை வைத்து ஒருநாள் கணக்கெடுத்தோம். பெரியதற்கும் சின்னதற்கும் இடையே ஐந்து நிமிட வேறுபாடுகூட இல்லை.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், துணியையும் மேற்சட்டையையும் எடுத்துக்கொண்டே மார்க்ஸ் பெறுமதியை விளக்கத் தொடங்குகிறார். துண்டுக்கூலி குறித்து அதில் தனி அத்தியாயமே உண்டு. பல்கலைக்கழகத்தில் அதனை விவாதித்துத் தேநீர் ஆறவிட்ட நாட்கள் எமக்கு நினைவிருக்கின்றன. எனினும் நேர அளவில் சமமான உழைப்பு, துணியின் அளவில் சிறுத்துப் போகும் விந்தையை இந்த விறாந்தையில்தான் கண்டோம்.

நண்பர் ஒருவர் சினந்தார்: “பனியும் அடுப்புப் புகைபோக்கியும் இல்லாத நாட்டில் இந்த மேனாட்டுக் கூத்து எதற்கு? இதற்காகவா கவலைப்படுவது?” காலுறை கூத்தாக இருக்கலாம், தைக்கும் கை கூத்தன்று. மேலும், அந்தக் கதையின் வேரை நண்பர் அறியார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மைரா நகரில் நிக்கொலஸ் என்றோர் ஆயர் இருந்தார். வறிய தந்தை ஒருவனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்கள் விற்கப்படும் நிலை. ஆயர் இரவில் யாரும் அறியாமல் பொற்காசு முடிச்சுகளை வீட்டுக்குள் எறிந்தார் என்பது கதை. அடுப்பருகே காயப்போட்ட காலுறைக்குள் அது விழுந்தது என்று பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர். விளையாட்டுப் பொம்மையின் கதையன்று, சீதனத்தின் கதை! இதைச் சொன்னபோது, தாத்தா மிதிப்பதை நிறுத்திவிட்டுத் தம் இரு பெண்களையும் ஒருமுறை பார்த்தார்.

2019ஆம் ஆண்டை விட்டுவிட முடியாது. அவ்வாண்டு ஜனவரியில் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் அகப்பட்டன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களில் மக்கள் பிணமாகச் சரிந்தனர். மே மாதத்தில் சிலாபம், குளியாப்பிட்டி, நாத்தாண்டியா, மினுவாங்கொடை ஆகிய இடங்களில் ஒரு குற்றமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அந்த நத்தாருக்கு விறாந்தையில் சிவப்புத் துணி வரவில்லை. “எங்கட கை பட்டதப் புள்ளையளுக்குக் குடுக்கப் பயப்புட்டாங்களோ?” என்று அவர் கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. பின்பு, விலைவாசி ஏறி மலிந்த கூலி தேவைப்பட்டபோது, துணி மீண்டும் வந்தது. அச்சத்தைவிட இலாபத்திற்கு நடை வேகம் அதிகம்.

இந்நாட்டின் ஆடை ஏற்றுமதி 2024இல் 4 பில்லியன் டொலரைத் தாண்டியது. 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்துப் பெண்களைப் பற்றியாவது எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். விறாந்தையில் இருந்து தைப்பவளுக்கு வரவுப் பதிவேடு இல்லை. சேமலாப நிதி இல்லை. இன்னொருத்தியின் கூலி எவ்வளவு என்றுகூடத் தெரியாது. வீட்டிலிருந்து உழைப்போரை ஏனைய தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டுமெனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இல் 177ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் ஒரு வரியும் எமது ஒழுங்கைக்கு வந்து சேரவில்லை.

சென்ற நவம்பரில் நான்கு வீட்டுப் பெண்களும் ஓர் அப்பியாசக் கொப்பியில் தாங்கள் தைத்த எண்ணிக்கையையும் நேரத்தையும் எழுதத் தொடங்கினர். கொப்பியின் முதற் பயன், நால்வருக்கும் ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலி கிடைத்து வந்தது வெளியானதே! வியாபாரி வந்தபோது தாத்தாதான் பேசினார். சின்னதற்கும் நடுத்தரத்தின் கூலியே வேண்டும், நால்வருக்கும் ஒரே கூலி வேண்டும் என்றார். சின்னதை அரைப்பங்காக்க ஒப்புக்கொண்ட வியாபாரி, பெரியதில் சிறிது குறைத்துவிட்டார். மூவர் துணியை வாங்கிக்கொண்டனர். தாத்தா வாங்கவில்லை.

மறுநாள் அம்மூவரும் துணியோடு அவர் வீட்டுக்கு வந்தனர். தைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று இரவு வெகுநேரம் வரை பேச்சு நடந்தது. கொப்பியை எம்மிடம் தந்து, பெரியதில் குறைந்ததும் சின்னதில் கூடியதும் கூட்டிக் கழித்தால் கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கச் சொன்னார்கள். நாம் பென்சிலை எடுத்தோம்.