பார்க் தெருவின் செங்கல் பிரமிடுகள்

கொல்கத்தாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தவறாமல் போகும் இடம் விக்டோரியா நினைவகம். 1921இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைச் சலவைக்கல் மாளிகையைப் பார்த்தால், பிரிட்டிஷ் பேரரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டது என்று புரியும். அந்தப் பேரரசு எப்படித் தொடங்கியது என்று தெரிய வேண்டுமானால், பார்க் தெருவின் கிழக்குக் கோடியில், மல்லிக் பஜார் சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தெருவுக்கு இன்று அன்னை தெரசா சரணி என்று பெயர். ஆனாலும் கல்லறையை எல்லோரும் ‘சவுத் பார்க் ஸ்ட்ரீட் செமிட்டரி’ என்றே சொல்கிறார்கள்.

மதில் சூழ்ந்த தோப்பு அது. நடைபாதைகளின் இருபுறமும் பிரமிடுகள், கூர்நுனித் தூண்கள், குவிமாட மண்டபங்கள், ரோமானியத் தூண்வரிசைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏறத்தாழ 1,600 கல்லறைகள். தமிழ்நாட்டுத் தேவாலய வளாகங்களில் தரையோடு படிந்த சிலுவைக் கல்லறைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமான ஊர். இறந்தவர்களுக்கென்று மாளிகைத் தெருக்களே அமைத்திருக்கிறார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு: சிலுவை அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. எகிப்தும் ரோமும் முகலாயமும் கலந்த இந்தக் கட்டடங்களில் கிறிஸ்தவச் சின்னத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சதுப்பு நிலத்தில் ஒரு புதிய இடுகாடு

கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் இறந்தவர்களை முதலில் ஊருக்குள்ளேயே, இன்று புனித யோவான் தேவாலயம் நிற்கும் வளாகத்தில் புதைத்துவந்தார்கள். கல்கத்தாவில் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. 1757இல் பிளாசிப் போர் முடிந்து, வங்காளத்தின் செல்வம் கம்பெனியின் கைக்கு வந்தது. ஊர் பெருத்தது. சாவும் பெருத்தது. பழைய இடத்தில் குழி தோண்ட இடமில்லாமல் போனதும், ஊர் எல்லையில் சதுப்பாகக் கிடந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்து 1767 ஆகஸ்ட் 25 அன்று புதிய இடுகாட்டைத் திறந்தார்கள். அதற்குப் போகும் பாதைக்கு அன்று இடுகாட்டுச் சாலை என்றே பெயர். பின்னாளில் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மான் பூங்காவை வைத்துத்தான் அது பார்க் தெரு ஆனது. இன்று உணவகங்களுக்கும் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரத்துக்கும் பெயர்போன அந்தத் தெரு, ஒருகாலத்தில் சவ ஊர்வலங்கள் போன பாதை.

அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. ஒரு வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் சுமார் 1,200 ஆங்கிலேயர்கள் இருந்தார்களாம். ஜனவரி பிறப்பதற்குள் 460 பேரை அடக்கம் செய்ததாகப் பதிவேட்டில் ஏறிவிட்டதாம். மலேரியா, காலரா, சீதபேதி எல்லாம் மழைக்காலத்தில்தான் உச்சத்துக்குப் போகும். வைத்தியமோ இரத்தத்தை வடிப்பதும் பாதரசம் கொடுப்பதுமாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த ஒருவரின் ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு இருந்தது. தோட்டத்துக் கல்வெட்டுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் அந்தப் பேச்சு மிகையில்லை என்று தெரியும். இருபது வயது, இருபத்திரண்டு வயது, பிரசவத்தில் இறந்த தாய், பக்கத்திலேயே அவளுடைய குழந்தை. பொருள் சேர்க்க வந்தவர்கள், சேர்த்ததை அனுபவிக்கும் முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இந்தச் சாவுகள் வரலாற்றின் போக்கையே மாற்றியதும் உண்டு. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தலைமையில் கம்பெனி ஆட்சியை நடத்திய ஐவர் குழுவில் கிளாவரிங், மான்சன், பிலிப் பிரான்சிஸ் என்ற மூவர் அவரை எதிர்த்து நின்றார்கள். ஹேஸ்டிங்ஸால் எதுவும் செய்ய முடியவில்லை. 1776இல் மான்சன் இறந்தார். 1777இல் கிளாவரிங்கும் இறந்தார். பெரும்பான்மை ஹேஸ்டிங்ஸ் பக்கம் சாய்ந்தது. வாக்கெடுப்பில் முடியாததை வங்காளத்தின் தட்பவெப்பம் முடித்துக்கொடுத்தது. அந்த இரண்டு எதிரிகளும் இந்தத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். மான்சனின் மனைவி ஆன் மான்சன் தாவரவியலில் தேர்ந்தவர். ஒரு தாவரப் பேரினத்துக்கு லின்னேயஸ் அவர் பெயரால் ‘மான்சோனியா’ என்று பெயர் வைத்தார். அவரும் இங்கேதான் அடக்கமானார்.

உள்ளே இருப்பது செங்கல்

தூரத்திலிருந்து பார்த்தால் இந்தப் பிரமிடுகள் கருங்கல்லில் எழுப்பியவை போலத் தெரியும். கிட்டே போனால்தான் உண்மை விளங்கும். ஒரு தூணின் அடியில் காரை பெயர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். மெல்லிய, தட்டையான செங்கற்கள். நடுவே வெளுத்த சுண்ணாம்புச் சாந்து. அதன்மேல் விரற்கடை கனத்துக்குப் பூச்சு. பூச்சிலேயே கோடு இழுத்துக் கல் அடுக்கியது போலப் போக்குக் காட்டியிருக்கிறார்கள். மேலே மழை ஈரத்தில் ஊறிக் கறுத்த பாசி. கொல்கத்தா இருப்பது ஆற்று வண்டல் பூமி, அங்கே பாறை கிடையாது. பெரும்பாலான கல்லறைகளில் பெயர் பொறித்த பலகை மட்டும் வெளியூரிலிருந்து வந்த கல். மற்றதெல்லாம் உள்ளூர் மண்ணைச் சுட்டு, உள்ளூர்க் கொத்தனார்கள் கட்டியது.

அந்தக் கொத்தனார்களுக்கு யாரும் இங்கே கல்வெட்டு வைக்கவில்லை. ரோமாபுரியை நேரில் பார்த்திராத கைகள், படத்தில் பார்த்த ரோமானியத் தூணை வங்காளச் செங்கல்லில் வார்த்திருக்கின்றன. குவிமாடங்களைக் கட்டும்போது மட்டும் அவர்களுடைய கை தானாக முகலாய மரபை நோக்கித் திரும்பியிருக்கிறது.

இப்படிப் பெரிய கல்லறை எழுப்பும் பழக்கமே இந்தியாவில் பிடித்ததுதான். பதினேழாம் நூற்றாண்டில் சூரத்தில் இருந்த ஆங்கில வணிகர்கள், சுற்றியிருந்த முஸ்லிம் பிரபுக்களின் சமாதிகளைப் பார்த்துத் தங்களுக்கும் குவிமாட மண்டபங்கள் கட்டிக்கொண்டார்கள். இளமையில் அங்கே கம்பெனி வேலை பார்த்த ஜான் வான்பரோ, பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய கட்டடக் கலைஞர் ஆனார். இறந்தவர்களைத் தேவாலயத்துக்குள் திணிக்காமல் ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இடத்தில் புதையுங்கள் என்று 1711இல் லண்டனுக்கு யோசனை சொன்னபோது அவர் எடுத்துக்காட்டியது சூரத் இடுகாட்டைத்தான். இன்று உலகமே போய்ப் பார்க்கும் பாரிசின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் 1804இல்தான் திறந்தது. லண்டனின் கென்சல் கிரீன் 1833இல். பார்க் தெரு இவை இரண்டுக்கும் மூத்தது.

சில பெயர்கள்

தோட்டத்திலேயே ஓங்கி நிற்கும் கூர்நுனித் தூண் வில்லியம் ஜோன்ஸுடையது. கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1783இல் வந்தவர், மறு ஆண்டே ஆசியக் கழகத்தை நிறுவினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று 1786இல் அவர் ஆற்றிய உரை மொழியியலுக்கே திருப்புமுனை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வேறொரு குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரி 1816இல் எடுத்துரைத்தது, அந்த ஆராய்ச்சி திறந்துவிட்ட வழியில்தான். ஜோன்ஸ் 1794இல், 47 வயதில் இறந்தார்.

ரோஸ் எய்ல்மரின் கல்லறை, திருகிய வரிகளோடு மேலே குறுகிச் செல்லும் ஒரு கூம்பு. அத்தை வீட்டுக்கு வந்திருந்த பெண். 1800இல் இருபது வயதில் காலராவுக்குப் பலியானாள். அவளை நேசித்த வால்டர் சாவேஜ் லாண்டர் என்ற கவிஞர் எழுதிய சிறு இரங்கற்பா ஆங்கில இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. பின்னாளில் அதைக் கல்லறையிலேயே பதித்தார்கள்.

‘ஹிந்து ஸ்டூவர்ட்’ என்று பெயரெடுத்த மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறை ஒரு சிறு கோயில். சிற்பம் செதுக்கிய கல் வாயில்நிலையும் கோபுரம் போன்ற மேல்கட்டுமாக நிற்கிறது. தினமும் கங்கையில் குளித்தவர், ஆங்கிலப் பெண்கள் சேலை கட்ட வேண்டும் என்று எழுதியவர். ஒரிசாக் கோயில்களிலிருந்து சிலைகளையும் கல்வெட்டுகளையும் பெயர்த்துக்கொண்டு வந்தவரும் இவரே. இவர் சேர்த்த சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்தியும் அபகரிப்பும் ஒரே மனிதரிடம் கூடியிருந்த காலத்துக்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

டெரோசியோவின் கல்லறை முன்னால் அதிக நேரம் நிற்கத் தோன்றும். ஐரோப்பிய, இந்திய இரத்தம் கலந்த குடும்பத்தில் 1809இல் பிறந்தவர். பதினேழு வயதில் இந்துக் கல்லூரி ஆசிரியர். எதையும் கேள்வி கேள் என்று கற்றுக்கொடுத்து ‘இளம் வங்காளம்’ என்ற தலைமுறையையே உருவாக்கினார். அதற்காகவே 1831இல் வேலையை விட வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காலரா அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது 22.

தமிழர்களுக்கு நெருக்கமான பெயர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து 1783இல் சென்னைக்கு வந்தவர். தென்னிந்தியாவை அளந்துகொண்டே ஊர் ஊராகச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் வாய்மொழி வரலாறுகளையும் திரட்டினார். அவருக்கு உதவிய காவலி வேங்கட போரையா, லட்சுமையா சகோதரர்கள் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, கல்கத்தாவில் 1821இல் இறந்தார். உடல் பார்க் தெருவில் இருக்கிறது. அவர் திரட்டிய சுவடிகளில் பெரும்பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தச் சுவடிகளைப் புரட்டாமல் இருக்க முடியாது.

சென்னை இழந்தது

சென்னையிலும் இதற்கு ஈடான பழைய ஆங்கில இடுகாடு ஒன்று இருந்தது. இன்றைய உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகம்தான் அந்த இடம். 1758-59 முற்றுகையின்போது லாலியின் பிரெஞ்சுப் படை அந்த உயரமான கல்லறைகளை மறைப்பாக்கிக்கொண்டு கோட்டையைத் தாக்கியது. போர் முடிந்ததும் ஆங்கிலேயரே அவற்றை இடித்துத் தள்ளினார்கள். பெயர்ப் பலகைகளைக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவினார்கள். சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகனும் ஜோசப் ஹைன்மர்ஸும் அடக்கமான கல்லறை, தப்பிய மிகச் சிலவற்றில் ஒன்று. பார்க் தெருவில் நடக்கும்போது, சென்னையில் இடிபட்டது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

கொல்கத்தாவிலும் இழப்பு உண்டு. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த வடக்கு இடுகாட்டில்தான் நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை அடக்கமானார். 1953இல் அதைத் தகர்த்துவிட்டார்கள். இன்று அங்கே வேறு கட்டடங்கள். தெற்கு இடுகாடும் ஆலும் அரசும் வேர்விட்டுப் பிளந்த காடாகத்தான் வெகுகாலம் கிடந்தது. 1970களிலிருந்து, தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளைக் காக்க லண்டனில் தொடங்கிய சங்கமும் உள்ளூர் ஆர்வலர்களும் சேர்ந்து பழுதுபார்த்தார்கள். கொல்கத்தா கிறிஸ்தவ இடுகாட்டு வாரியம் பராமரிக்கிறது. அதே காலத்தில் சத்யஜித் ராய் துப்பறியும் ஃபெலுடாவை இந்தத் தோட்டத்துக்குள் நடமாட விட்டு ஒரு நாவல் எழுதினார். அதைப் படித்து வளர்ந்த வங்காளிகளுக்கு இது அந்நியர்களின் இடுகாடாக இல்லாமல் தங்கள் ஊரின் இடமாக மாறிப்போனது.

போகிறவர்களுக்கு

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், கொசு பிடுங்கும். காலையில் போனால் எழுத்துகளின்மேல் சாய்ந்து விழும் வெயிலில் தேய்ந்த வரிகளையும் படிக்கலாம். வாசலில் சிறு கட்டணம், படம் எடுக்க என்ன விதி என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறைகளின்மேல் ஏற வேண்டாம். இருநூறு வருடச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு மிதியில் உதிர்ந்துவிடும். சந்திப்பைத் தாண்டினால் லோயர் சர்க்குலர் சாலை இடுகாடு. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கே உறங்குகிறார். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

இடுகாட்டைச் சுற்றுலாத் தலமாக்குவது இறந்தவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. புதுத் துக்கம் இருக்கும் இடத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. இங்கே பூ வைக்கவும் விளக்கேற்றவும் உறவினர் யாரும் வருவதில்லை. பார்க்க வருகிறவர்களின் கால் படுவதால்தான் பாதை புதர் மண்டாமல் இருக்கிறது. யாரும் வராத வடக்கு இடுகாட்டை இடித்தபோது தடுக்க ஆளில்லை. பத்துப் பேர் வந்துபோகும் இடத்தில் கடப்பாரையை எடுக்க எவருக்கும் அவ்வளவு சுலபமாகத் துணிவு வராது.

ஆள வந்தவர்களின் கல்லறை நமக்கு எதற்கு என்ற கேள்விக்கும் அந்தச் செங்கல்லிலேயே பதில் இருக்கிறது. அடியில் கிடப்பவர்கள் கம்பெனியார். மண் நம்முடையது, சூளை நம்முடையது, சாந்து குழைத்த கை நம்முடையது. கட்டியவர்களின் பெயர்கள் காணாமல் போய்விட்டன, அவர்களுடைய வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்க்கவும் காக்கவும் முதல் உரிமை நமக்குத்தான்.