நெற்றிக் குறியும் நபிமொழியும்

எகிப்து நாட்டின் ‘மாவ்’ இனப் பூனையை முதன்முறை காண்போர், காட்டிலிருந்து வழிதவறி வந்த சிறுத்தைக் குட்டியோ என ஐயுறுவர். வெள்ளி, வெண்கலம், புகை ஆகிய நிறங்களில் அமைந்த அதன் உடலெங்கும் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். வாலில் வளையங்கள், கன்னங்களில் மையிட்டாற் போன்ற கோடுகள், கண்களோ இளம் நெல்லிக்காயின் பச்சை. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிடச் சற்று நீளமானவை. விலாவிலிருந்து பின்னங்காலின் முழங்கால் வரை ஒரு தோல்மடிப்பு தொங்குகிறது. பாயும்போது காலை நன்கு நீட்ட அது உதவுகிறது என்பர். பண்டைய எகிப்திய மொழியில் ‘மாவ்’ என்றாலே பூனைதான். 1956 ஆம் ஆண்டில் நத்தாலி துருபெத்ஸ்கோய் என்னும் ருஷ்யப் பெண்மணி இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்கு இப்பூனைகளைக் கொண்டு சென்ற பின்னரே, அமெரிக்கர் இதனைத் தனி இனமாக வளர்க்கத் தொடங்கினர்.

இப்பூனையின் நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போன்றதொரு குறி உண்டு. இதைப் பற்றித்தான் இங்கு எழுத வேண்டியுள்ளது.

என் பத்து வயதுப் பேத்தி ஒருநாள் பூனைப் படமொன்றைக் காட்டி, “நன்னா, நபி (ஸல்) அவர்கள் தடவிக் கொடுத்ததால்தானே இந்த அடையாளம் வந்தது? இது ஹதீஸ்தானே?” என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. எனினும், அண்ணலார் மீது சொல்லப்படாததைச் சொல்வது எத்துணைக் கடுமையான குற்றம் என்பதை நாம் அறிவோம். “அப்படி ஆதாரப்பூர்வமான ஹதீஸ் எதுவும் இல்லையம்மா. உடலில் வரியும் புள்ளியும் உள்ள பூனைகள் பலவற்றுக்கும், நம் தெருப்பூனைக்கும்கூட, இக்குறி உண்டு. அல்லாஹ் படைத்த விதமே அது” என்றேன். அவள் முகம் வாடியது.

பொய்யான கதையை எடுத்துவிட்டால், அந்த இடத்தை மெய்யான செய்தியால் நிரப்ப வேண்டுமல்லவா? அபூ கதாதா (ரலி) அவர்களின் வரலாற்றைக் கூறினேன். உளூச் செய்ய வைத்திருந்த நீரைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அது வயிறாரக் குடிக்கும்வரை அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இது உள்ளது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பேத்தி நெடுநேரம் கேள்விகள் கேட்டாள். கட்டுக்கதை தராத ஒன்றை, அதாவது ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்னும் எண்ணத்தை, இச்செய்திகள் அவளுக்குத் தந்தன.

எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் (1260–1277) இந்தப் பொறுப்பை உணர்ந்திருந்தார். கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்காக விட்டுச் சென்றார். காலப்போக்கில் அத்தோட்டம் கைமாறிற்று. ஆயினும், காழியின் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளுக்கு உணவு இடப்பட்டதை எட்வர்ட் லேன் 1836 இல் வெளியிட்ட தம் நூலில் குறித்துள்ளார். அங்கு உண்ட பூனைகளின் நெற்றியில் என்ன குறி இருந்தது என்று எவரும் பார்க்கவில்லை. பசி இருந்ததா என்று மட்டுமே பார்த்தனர்.

அழகிய புள்ளிகளுக்காகப் பெருந்தொகை கொடுத்துப் பூனை வாங்கும் காலம் இது. வாங்குவோர் வாங்கட்டும். ஆனால் நம் வாசலில் வந்து நிற்கும் வாயில்லா ஜீவனும் அமானிதமே என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். ஆதாரமுள்ள சொற்களைக் கொண்டே கற்பிப்போம். அல்லாஹ் அருள்புரிவானாக!