மடிப்பில் சிக்கிய நார்

பழனி அடிவாரத்தில் ஒரு டப்பா ஒழுகினால் அதை முதலில் கண்டுபிடிப்பது எறும்பு. ராத்திரி துடைத்து, லேபிள் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போயிருப்போம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சுவரோரமாக ஒரு சாரை போய்க்கொண்டிருக்கும். அது எந்தப் பெட்டியில் ஏறுகிறதோ அதைப் பிரித்தால் போதும். அடியில் எங்கோ ஒரு பஞ்சாமிர்த டப்பாவின் மூடி ஓரத்தில் பிசுபிசுவென்று கசிந்திருக்கும். எங்கள் கடைக்குத் தரச் சான்றிதழ் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் எங்களுக்கு வாய்த்த இன்ஸ்பெக்டர்கள் அவர்கள்தான். சரிக்கட்டவும் முடியாது.

எண்பதுகளின் கதை இது. தேவஸ்தானத்துக்குத் தனித் தயாரிப்பு உண்டு. நான் நின்றது கிரிவீதிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கடையின் பின்கட்டில். முன்பக்கம் விபூதி, பேரீச்சம்பழம், படம், பாசிமணி. பின்பக்கம் பழம் உரிக்கும் அக்காமார், நாட்டுச்சர்க்கரை மூட்டை, நெய் டின், ஓரத்தில் ஒரு மிஷின். டப்பா மிஷின் என்றுதான் சொல்வோம். ஆரம்பத்தில் அது பெடல் மிஷின். டப்பாவைத் தட்டின் மேல் வைத்து, மூடியைப் போட்டு, காலால் மிதித்தால் தட்டு மேலே எழும்பி டப்பாவை, சக் என்கிற பிடியில் கொண்டுபோய் அழுத்தும். டப்பா சுழலும். பக்கவாட்டிலிருந்து ஒரு ரோலர் வந்து மூடியின் சுருண்ட விளிம்பை டப்பா வாயின் உதட்டுக்கு அடியில் மடித்து மாட்டும். அது விலகியதும் இன்னொரு ரோலர் வந்து அந்த மடிப்பை அழுத்தி இறுக்கும். மூடித் தகடு மூன்று, டப்பாத் தகடு இரண்டு, ஆக ஐந்து அடுக்கு. நடுவில் இருக்கும் நூலளவு சந்தை அடைக்க, மூடி விளிம்பில் முன்பே தடவிக் காயவைத்த ரப்பர் பூச்சு. தகர டப்பாவுக்கு 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கிய காலத்தில் மூடியை ஈயப்பற்று வைத்துத்தான் ஒட்டினார்கள். பற்றில்லாமல் மடித்தே மூடும் வித்தை கைகூட ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ரெண்டாவது ரோலர் தொடும்போது சத்தம் சற்றே தடித்து ஒலிக்கும், அது ஒலிக்காவிட்டால் டப்பாவை ஒதுக்கி வை என்பதுதான்.

அப்புறம் முதலாளி ஆட்டோமேட்டிக் மிஷின் இறக்கினார். மூடிகள் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அடியிலிருந்து ஒன்று உருவி வரும். டப்பா வந்தால்தான் மூடி விழும், வராவிட்டால் விழாது. அதற்கு ஒரு சின்ன நாக்கு சுவிட்ச். மிஷினுக்கு முன்னால் பிஸ்டன் வைத்த ஃபில்லர். அது பஞ்சாமிர்தத்தை உறிஞ்சி அளந்து டப்பாவில் தள்ளும். ஒரு வாரம் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மிதித்து மிதித்து முழங்கால் வலித்த எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் அந்த மிஷின் சீக்காளி ஆனது. டப்பா ஒழுகுகிறது. எல்லா டப்பாவும் அல்ல. நல்லதாகவே வந்துகொண்டிருக்கும், நடுவில் ஒன்று கெட்டுப்போகும். சில டப்பா ஒழுகாமல், கடைசியில் உப்பிக்கொண்டு நிற்கும். பாதயாத்திரைக் கூட்டம் திண்டுக்கல் ரோட்டில் வந்துகொண்டிருக்கிற நேரம். முதலாளி கையில் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ரெண்டாவது ரோலரை ஒரு சுற்று இறுக்கினார். மடிப்பின் ஓரம் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு வந்தது. இன்னொருவர் முதல் ரோலரைத் தளர்த்தினார். மூடி கையோடு வந்தது.

ஃபிட்டர் மாமாவைக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் பட்டறைகளில் கைப்பழக்கம் பெற்றவர். வந்ததும் மிஷினைத் தொடவில்லை. "ரோலரத் தொடாதீங்க. மொதல்ல டப்பாவப் பாருங்க. ஒழுகினதையெல்லாம் கொண்டாங்க தம்பி" என்றார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். கசிவு டப்பாவின் பக்கவாட்டு இணைப்புக்கு நேராக மட்டும் இருந்தால் அங்கே தகடு தடித்து மடிப்பு தொங்கியிருக்கும். ஒரே இடத்தில் இல்லாமல் கண்ட இடத்தில் இருந்தால் வேறு சங்கதி. இது கண்ட இடத்தில் இருந்தது.

அடுத்தது பென்சில். மூடி விளிம்பிலிருந்து டப்பா உடம்பு வரைக்கும் ஒரே கோடாகப் போட்டு, மிஷினுக்குள் விட்டு எடுத்தார். கோடு உடையாமல் நேராக வந்தது. சக் வழுக்கியிருந்தால் மூடி ஒரு பக்கமும் டப்பா ஒரு பக்கமும் போய் கோடு ரெண்டாகப் பிரிந்திருக்கும். சக் தப்பித்தது. தட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அதுவும் தப்பித்தது. பிறகு ஒரு நல்ல டப்பாவின் மடிப்பை அரத்தால் மேலோட்டமாக ராவி, குறடால் மூடியின் கொக்கியை நாடா மாதிரி உரித்தெடுத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நகத்தை ஓட்டினார். மழமழவென்று இருந்தால் மடிப்பு இறுக்கம். அலை அலையாகச் சுருக்கம் விழுந்திருந்தால் ரெண்டாவது ரோலர் தளர்வு. என் கையிலும் கொடுத்து நகத்தை ஓட்டச் சொன்னார். மழமழவென்றுதான் இருந்தது.

கெட்ட டப்பாவை அதேபோல உரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. கொக்கி மழமழப்புத்தான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் மேடு. அந்த மேட்டுக்குள் ஒரு நார். தலைமுடி அளவு வாழைப்பழ நார், சர்க்கரையில் ஊறிக் கறுத்துப்போய், ஐந்து அடுக்குத் தகட்டுக்குள் சப்பையாகக் கிடந்தது. ரப்பர் பூச்சு அதன் மேல் எப்படி ஒட்டும்? சந்து விழும், கசியும். எறும்புக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

நார் டப்பா உதட்டுக்கு எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. மாமா ஃபில்லர் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிஸ்டன் தள்ளி முடித்து வால்வு மூடியதும் பஞ்சாமிர்தம் பட்டென்று அறுந்து விழ வேண்டும். அறுபடவில்லை. ஒரு நூல் இழுத்துக்கொண்டே, டப்பா நகர நகர அதன் உதட்டில் கோலம் போட்டுக்கொண்டு போனது. "என்னங்க சரக்கு இவ்வளவு தண்ணியா இருக்கு?" என்றார்.

பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். மேலே பேரீச்சம்பழமும் கற்கண்டும். கெடாமல் இருக்க மருந்து எதுவும் கிடையாது. அது நிற்பது பழத்தின் வறட்சியில். விருப்பாச்சி மலைப்பழம் தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே அழுகாது, மணம்தான் ஏறும். ஈரம் குறைவு. அந்த வருஷம் மலைப்பழம் போதாமல் சமவெளிப் பழத்தைக் கலந்திருந்தார்கள். தண்ணீர்ச் சத்து ஏறியது, சரக்கு இளகியது, நூல் இழுத்தது, நார் மடிப்பில் போய்ச் சிக்கியது. உப்பிய டப்பாவுக்கும் அதுதான் காரணம்: உள்ளே புளித்து வாயு கிளம்பியிருக்கிறது. ஆக, மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. மாமா ஃபில்லர் வாயில் அறுப்புத் தகட்டை மாற்றி, ரோலர் ரெண்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். டப்பா மூடிக்குப் போகும் வழியில் ஓர் அக்காவை ஈரத்துணியோடு நிறுத்தினார். ஆட்டோமேட்டிக் மிஷினுக்கு நடுவில் ஒரு மனுஷி. கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மலைப்பழம் ஏன் போதவில்லை என்பதை ஃபிட்டரால் சரிசெய்ய முடியாது. நான் லாரியோடு மேலே போயிருக்கிறேன். வத்தலகுண்டு வழியாக ஏறினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. பழனி வழியாகப் போனால் வடகவுஞ்சி. பெருமாள்மலையில் ரெண்டு ரோடும் கூடும். அங்கே டீ குடித்துவிட்டு டிரைவர் கொடைக்கானல் வரை ஒரு நடை போய்வருவார். மரப்பெட்டியில் பேரிக்காய் ஏற்றிக்கொண்டு கீழே இறங்க. பெட்டிக்கடியில் காய்ந்த புல், மேலே ஒரு பலகை, நாலு ஆணி. அந்தப் பெட்டி ஒழுகியதாக யாரும் சொல்லவில்லை. இப்போது அங்கேயும் அட்டைப்பெட்டியும் டேப்பும்தான்.

மலைப்பழம் குறைந்த காரணம் தோட்டத்தில் இருந்தது. கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் வாழை தனியாக நிற்காது. காப்பிக்கு நிழலாக, சில்வர் ஓக் மரத்துக்கும் கமலா ஆரஞ்சுக்கும் நடுவே, ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் அதன் கன்றே வளர்ந்துகொண்டிருக்கும். முடிக்கொத்து நோய் வந்ததும் அந்த வழக்கமே வினையானது. இலைக்காம்பின் அடியில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் விழும். பிறகு வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தார் போடாது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். நோய்பட்ட மரத்தின் கன்றை நட்டால் நோயையும் சேர்த்து நட்ட கணக்கு. மருந்து கிடையாது, தோண்டி அழிப்பதுதான் வழி. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்த வைரஸ் அது. எழுபதுகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஒரு நூல் இழுப்பாகத்தான் நினைவிருக்கிறது.

தைப்பூசம் முடிந்து எடப்பாடிக்காரர்கள் வருவார்கள். காவடி எடுத்து, மலை மேலேயே இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள். பழமும் சர்க்கரையும் தாங்களே கொண்டுவந்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். டப்பாவும் கிடையாது, மூடியும் கிடையாது. கையில் வாங்கினால் அப்போதே வாய்க்குள். அதைப் பார்த்துவிட்டு வந்து மிஷின் முன்னால் நின்றால், நாங்கள் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று தோன்றும்.

விருப்பாச்சி மலைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து வருஷங்கள் ஆயின. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அதுதான் முதல் தடவை. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டு மலைவாழையை மீட்கிறார்கள். பழம் மறுபடி வருகிறது. மணம் பழைய மணம்தானா என்று கேட்டால், என் மூக்கை நம்பி நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

போன வருஷம் தெரிந்த பையன் ஒருவன் புது மிஷினைக் காட்டக் கூட்டிப்போனான். திரையில் எழுத்து ஓடுகிறது. மூடி சிக்கினால் விளக்கு எரிந்து தானே நின்றுவிடுகிறது. நான் போன நேரம் அது நின்றிருந்தது. சென்சாரைத் துடைத்தான், ஓடவிட்டான். இருபது டப்பாவில் திரும்பவும் நின்றது. மறுபடி துடைத்தான். "இன்னிக்கு என்ன பழம் போட்டிருக்காங்க தம்பி?" என்று கேட்டேன். "அது ஸ்டோர்ல கேக்கணுங்க பெரியப்பா, எனக்கு மிஷின் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை சென்சாரைத் துடைக்கப் போனான்.