கிரீஸ் வைத்ததாக எழுதினேன்

என் மோட்டார்சைக்கிளின் பராமரிப்புக் குறிப்பேட்டில் பொய் எழுதினேன். அந்தக் குறிப்பேட்டை நம்பி வண்டியை வாங்கிய ஓர் இளைஞரை ஏமாற்றினேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். மறதி என்றோ அறியாமை என்றோ சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

வண்டி பி.எம்.டபிள்யூ. ஆர் 90/6. பெர்லினின் ஷ்பாண்டாவ் தொழிற்சாலையில் 1975-இல் செய்தது. 898 சி.சி., 60 குதிரைத்திறன், காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர்கள். அவை இடமும் வலமுமாகக் கை நீட்டி நிற்கும். 1923-இல் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த ஆர் 32 வண்டியிலிருந்து வரும் பாக்ஸர் அமைப்பு இது. கிராங்க் தண்டு வண்டியின் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கிளட்ச், அதற்கும் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரம் வரை செயினுக்குப் பதிலாக ஒரு சுழல்தண்டு. எல்லாம் ஒரே வரிசையில்.

இந்த வண்டியைப் பராமரிப்பதில் உள்ள சுகத்தைச் சொல்லாமல் என் குற்றத்தைச் சொல்ல முடியாது. டாப்பெட் சரிசெய்ய ஒரு சிறு முக்காலி போதும். சிலிண்டர் நம் முழங்காலுக்கு நேரே இருக்கும். மூடியைக் கழற்றி, வெளியேற்று வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, ஃபீலர் கேஜை இழுத்துப் பார்க்கும்போது விரலுக்குத் தெரியும் அந்த மெல்லிய பிடிப்பு எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. இரண்டு பிங் கார்புரேட்டர்களையும் ஒத்த வேகத்துக்குக் கொண்டுவந்ததும் எஞ்சினின் நடுக்கம் அடங்கும். அதைக் கேட்பதற்காகவே ஞாயிறு காலைகளில் சீக்கிரம் எழுந்தேன். டேங்கின் ஓரத்துக் கோடுகளைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்திருந்தார்கள். அவற்றை மென்துணியால் துடைப்பேன். மான்ஹைமில் நடக்கும் வெட்டராமா பழைய உதிரிச் சந்தையில் மூலக் கண்ணாடி, மூல விளக்கு வளையம் என்று தேடி அலைந்து பணம் செலவழித்தேன்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். தெரியாத வேலை ஒன்று உண்டு.

கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள பற்களும் கியர்பாக்ஸ் தண்டின் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இடத்தை ஸ்ப்ளைன் என்பார்கள். எஞ்சினின் முழு விசையும் அந்தப் பற்களின் வழியாகத்தான் பின்னால் போகிறது. அங்கே எஞ்சின் ஆயிலும் வராது, கியர் ஆயிலும் வராது. நாம் பூசும் கிரீஸ்தான் அதற்குக் காப்பு. அதுவும் காலப்போக்கில் காய்ந்து, கிளட்ச் தூசியோடு கலந்து இறுகிவிடும். ஆகவே அவ்வப்போது திறந்து, துடைத்து, புதிதாக மெல்லப் பூச வேண்டும். திறப்பதுதான் பாடு. பேட்டரியையும் காற்று வடிகட்டியின் கூட்டையும் கழற்ற வேண்டும். சுழல்தண்டின் நான்கு போல்ட்களையும் இடுக்குக்குள் ஸ்பேனர் விட்டு எடுக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கையை விலக்கி, கியர்பாக்ஸைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஒரு பகல் முழுக்கப் போகும். முடித்துவிட்டு வெளியே வந்து நின்றால், வண்டியில் எந்த மாற்றமும் தெரியாது.

அந்த வேலையை நான் பல ஆண்டுகள் செய்யவில்லை. முதல் முறை, அடுத்த மாதம் செய்து பதிந்துகொள்ளலாம் என்று வெற்றிடம் விட்டேன். ஆனால் வண்டிச் சந்திப்புகளில் என் குறிப்பேட்டைப் பார்த்து நண்பர்கள் வியப்பார்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை என நீல மையில் ஒழுங்காக எழுதியிருப்பேன். அந்த வெற்றிடம் என் பெருமையை உறுத்தியது. நிரப்பினேன்: "ஸ்ப்ளைன், துடைத்து கிரீஸ் வைத்தது." அடுத்த ஆண்டும் அதே வரி. மூன்றாவது முறை எழுதும்போது உறுத்தல்கூட இல்லை.

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த, மூல நிலையில் காக்கப்பட்ட வண்டிக்கு எண்பலகையின் முடிவில் ஹெச் என்ற எழுத்து தருவார்கள். வரலாற்று வண்டி என்பதற்கான அடையாளம் அது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனையும் உண்டு. பிரேக், விளக்கு, டயர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் குறையில்லை என்ற தாள் கிடைத்தது. அதையும் குறிப்பேட்டோடு வைத்தேன். என் பொய்க்கு முத்திரை கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

விற்க முடிவு செய்த சமயத்தில் கியர் மாற்றுவது கடினமாகியிருந்தது. கடைசியில் திறந்தேன். பற்கள் தேய்ந்து மெலிந்து, முனைகள் கூராகியிருந்தன. கிளட்ச் பிளேட்டையும் தண்டையும் மாற்றியிருக்க வேண்டும். தண்டை மாற்ற கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும். பெரிய செலவு. நான் தாராளமாகக் கிரீஸை அப்பி மூடினேன். கியர் இலகுவாக விழுந்தது. வாங்க வந்த இளைஞர் ஓட்டிப் பார்த்தார். குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். "இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறீர்கள், விலை பேச எனக்கு மனமில்லை" என்றார். கேட்ட விலையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், கருங்காட்டில் பாடன்-பாடனுக்கும் ஃப்ராய்டன்ஷ்டாட்டுக்கும் இடையே மலைமுகட்டில் போகும் பி 500 சாலையில், தன் தங்கையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அவர் மேடேறிக்கொண்டிருந்தபோது பற்கள் அறுந்தன. எஞ்சின் அலறியது, சக்கரத்துக்கு விசை போகவில்லை. பின்னால் வந்த கார் பிரேக் அடித்து நின்றது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். யாருக்கும் அடிபடவில்லை. அது அவருடைய நிதானம். என் பங்கு அதில் ஏதுமில்லை.

கியர்பாக்ஸைப் பிரித்த மெக்கானிக், அறுந்த பற்களின் மேல் கிடந்த புது கிரீஸைக் காட்டியிருக்கிறார். இளைஞர் எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "ஆண்டுதோறும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, பிறகு எப்படி இப்படி ஆகும்?" என்று கேட்டார். என்னிடம் உண்மையாகவே விளக்கம் எதிர்பார்த்தார். "பழைய வண்டி, இப்படியும் நடக்கும்" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் நான் இன்றும் அதிகம் வெட்கப்படுகிறேன். பற்கள் தேய்ந்தது சோம்பல். அந்தப் பதில், என்னை நம்பிய ஒருவர் மீது நான் வேண்டுமென்றே செய்த இரண்டாவது தாக்குதல்.

எங்கள் ஒப்பந்தத்தில், பார்த்தபடி வாங்கியது, விற்றவருக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் இருந்தது. ஆனால் குறையை அறிந்தே மறைத்தவருக்கு அந்த வாசகம் உதவாது என்று ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 444-ஆவது பிரிவு சொல்கிறது. அதைப் படித்த பிறகுதான் அவரை மறுபடி அழைத்தேன். மனசாட்சி தூண்டி அழைத்தேன் என்று சொல்ல ஆசை. முதலில் தூண்டியது பயம். எல்லாவற்றையும் சொன்னேன். பழுதுச் செலவு முழுவதையும் கொடுத்தேன். அவர் பெற்றுக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடாது.

இந்த வண்டிகள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடுவதற்கு ஷ்பாண்டாவ் தொழிலாளிகளின் திறமை ஒரு காரணம். அவற்றை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் யாரும் பார்க்காத இடத்தில் செய்த வேலை இன்னொரு காரணம். ஒரு பழைய வண்டி கைமாறும்போது வாங்குபவருக்குக் கிடைப்பது அந்த வேலையும் அதைப் பற்றிய உண்மையான பதிவும்தான். நான் அந்தத் தொடரை அறுத்தேன். அவர் இனி எந்தப் பழைய வண்டியின் குறிப்பேட்டையும் முழுதாக நம்ப மாட்டார். அதற்கு ஈடாக நான் கொடுக்கக்கூடிய தொகை எதுவும் இல்லை.

என்னிடம் இன்னொரு பாக்ஸர் வண்டி இருக்கிறது. அதன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், நான் செய்யாத வேலைகளையும் செய்ததாக எழுதிய பொய் வரிகளையும் தேதியோடு எழுதி, கையெழுத்திட்டிருக்கிறேன். வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். குறைக்கட்டும்.